கட்டுரையாளரைப் பற்றி ஒரு வரி

ஓசூரில் நான் தொற்றிக்கொண்ட, கூரை ஓடு ஏற்றிய லாரி ஹெப்பகோடியில் உட்கார்ந்துவிட்டது. பின்பக்கத்து வில்பட்டை உடைந்துபோயிற்று. பதுளை ரோட்டில் கொஞ்ச காலம் லாரிக் கிளீனராக இருந்தவன் நான். குனிந்து ஒரு தடவை பார்த்ததுமே மத்தியானத்துக்கு முன்னால் இது நகராது என்று தெரிந்துவிட்டது. டிரைவர் முதலில் வண்டியைத் திட்டினார், பிறகு ரோட்டைத் திட்டினார், பிறகு அளவுக்கு மேல் ஓடு ஏற்றிய முதலாளியைத் திட்டினார். நான் மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அந்த ஊரில் நாலைந்து தெரு, ஒரு ஏரி, சுற்றிலும் கேழ்வரகு. ரோட்டோரத்தில் கீற்றுப் பந்தல் போட்டு ஒரு அம்மாள் களி விற்றுக்கொண்டிருந்தாள். கறுத்த உருண்டை, பக்கத்தில் கீரைச் சாறு. பிட்டு, சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று டிரைவர் கற்றுக்கொடுத்தார். நான் பழக்கதோஷத்தில் மென்றேன். ரொட்டியும் சம்பலும் தின்று வளர்ந்த வாய். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“யாவ ஊரு நிம்து?” என்றாள். நான் விழித்ததும் தமிழுக்கு மாறினாள். “எந்த ஊருன்னு கேட்டேன்.”

“பெங்களூர் போறேம்மா.”

“போற ஊர நான் எதுக்குக் கேக்கறேன்? உன் ஊரு எதுன்னேன்.”

“சிலோன்காரரு,” என்று எனக்காக டிரைவர் சொன்னார்.

“சிலோனா? பார்த்தா இந்தப் பக்கத்து ஆளாட்டம் இருக்காரே,” என்று இன்னொரு கரண்டி சாறு ஊற்றினாள்.

நான் இன்னொரு துண்டு பிட்டேன். கேள்வி சின்னதுதான். ஆனால் என் சட்டைப் பையில் இருந்த பயணத் தாளில், ‘நாடு’ என்ற சொல்லுக்கு எதிரே ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்கள்.

நான் பிறந்தது பதுளைப் பக்கம் கல்லுமலைத் தோட்டத்தில். இலங்கை என்னைத் தன் ஆளாக எழுதிக்கொள்ளவில்லை. தாத்தா இந்தியாவிலிருந்து போனவர். ஆனால் இந்தியாவும் எழுதிக்கொள்ளவில்லை. தேயிலைத் தோட்டங்களில் இப்படிப் பல லட்சம் பேர். பிரஜா உரிமை கேட்டு மனுப் போடச் சொன்ன காலத்தில் நான் போடவில்லை. ஒரே இடத்தில் தொடர்ந்து இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். நான் எந்த இடத்திலும் தொடர்ந்து இருந்ததில்லை. பேக்கரி, லாரி, துறைமுகம், மறுபடி தோட்டம் என்று போய்க்கொண்டிருந்தவன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்து செல்லையா மாஸ்டர் அப்படி இல்லை. மனுப் போட்டவர். தள்ளுபடியாகி, அப்பீல் செய்துவிட்டுக் காத்திருந்தவர். இரண்டு அரசாங்கங்களும் டில்லியில் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரிக்கப் போகின்றன என்று பேப்பரில் வந்ததும் அவர் ராத்திரியெல்லாம் எழுதி ஒரு கட்டுரை முடித்தார். பெங்களூரிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு காலாண்டிதழ் வருகிறது. இலங்கை, பர்மா, மலாயா, நேபாளம் என்று இந்தியாவைச் சுற்றியுள்ள நாடுகளின் அரசியலும், அங்கே போய்க் குடியேறியவர்களின் கதியும்தான் அதன் விஷயம். கதை இல்லை, படம் இல்லை. வாங்குகிறவர்களும் கொஞ்சம் பேர். ஆனால் டில்லியிலும் கொழும்பிலும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர்கள் அதைப் படிக்கிறார்கள் என்பார் மாஸ்டர்.

தபாலை யாரோ பிரித்துப் பார்க்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். நான் எப்படியும் எங்கேயாவது கிளம்புகிறவன் என்பதால் என்னிடம் கொடுத்தார். இரண்டே இரண்டு விஷயம் சொன்னார். டில்லிப் பேச்சுக்கு முன்னால் வெளிவர வேண்டும். தன் பெயர் எங்கேயும் வரக் கூடாது. வந்தால் அப்பீல் போகும், பள்ளிக்கூட வேலையும் போகும்.

தேயிலை டின்னுக்கு அடியில் தாள்களைச் சுருட்டி வைத்து எடுத்து வந்தேன். வழியில் ஒரு சுங்க அதிகாரி டின்னைத் திறந்து நன்றாக மோந்து பார்த்துவிட்டு, நல்ல தேயிலை என்று சொல்லி மூடிக் கொடுத்தார்.

லாரி சரியானதும் பெங்களூருக்குள் போய் இறங்கி, ரிச்சர்ட்ஸ் டவுன் போக பஸ் ஏறினேன். கண்டக்டர் கன்னடத்தில் கேட்டதை நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன் போலிருக்கிறது. மார்க்கெட்டில் இறக்கிவிட்டான். வேறு பஸ் ஏறினால் அது எதிர்ப் பக்கம் போயிற்று. பக்கத்தில் இருந்த ஒரு சாயபு, “அரே, ரிச்சர்ட்ஸ் டவுனுக்கா? நீ உல்டாவா போற பாய், எறங்கு எறங்கு,” என்று தள்ளாத குறையாக இறக்கினார். பிறகு நடந்தேன். மழை பிடித்துக்கொண்டது. எங்கள் மலையில் மழை வந்தால் நாள்கணக்கில் நிற்காது. இங்கே ஒரு வேலையை முடிக்க வந்ததுபோலக் கொட்டிவிட்டு நின்றுவிட்டது. குளிர் மட்டும் எங்கள் ஊர்க் குளிர். நனைந்த சட்டையோடு நடந்தபோது கொஞ்சம் ஊரில் இருப்பதுபோலவே இருந்தது.

பத்திரிகையின் ஆபீஸ் என்று நான் பெரிதாக நினைத்திருந்தேன். அது ஒரு ஓட்டு வீட்டின் முன்னறை. முன்முகப்பில் மரச்சட்டங்கள் அடித்த பழைய வீடு, உள்ளே சுவர் முழுக்க நாட்டுப் படங்கள், தரை முழுக்கக் கட்டுக் கட்டாகப் பழைய இதழ்கள். ஆசிரியர் மிஸ் தேவசகாயம். காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். வெள்ளைப் புடவைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர் போட்டிருந்தார். கட்டுரைகளைத் திருத்துவதும் அவர்தான், முகவரி எழுதி தபால்தலை ஒட்டுவதும் அவர்தான்.

என்னை அடுப்படிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் கொண்டுவந்த தேயிலையிலேயே தேநீர் போட்டுக் கொடுத்தார். தோட்டத்தில் எங்களுக்குக் கிடைப்பது தூள். நல்ல தேயிலை கப்பலேறிப் போய்விடும். இந்த டின்னில் இருந்தது மாஸ்டர் யாரிடமோ கேட்டு வாங்கிய முதல்தரத் தேயிலை. அதை நான் குடித்ததே இங்கே வந்துதான்.

தாள்களை அவர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார்.

“நல்லா எழுதியிருக்கார்,” என்றார். “பேரு ஏன் போடல?”

சொன்னேன்.

“பேர் இல்லாம இந்தப் பத்திரிகைல ஒண்ணும் வராதே. மாஸ்டருக்குத் தெரியாதா?”

“தெரியாதுன்னு நெனைக்கிறேன், மிஸ்.”

“பொய்ப் பேரும் கிடையாது. ஒரு தடவை, ‘நமது நிருபர்’னு போட்டு ரங்கூன்லேர்ந்து வந்த ஒண்ணை வெளியிட்டேன். அதை எழுதினது ஒரு தூதரகம்னு கதை கட்டிட்டாங்க. நல்ல மனுஷர், பாவம், உண்மையா எழுதினார். யாரும் நம்பல. அதுக்கப்புறம் பல லைப்ரரிங்க சந்தாவை நிறுத்திட்டாங்க. டில்லியில ஒரு ஆபீசர் கட்டுரையைப் படிக்கறதுக்கு முன்னால யாரு எழுதினாங்கன்னுதான் பார்ப்பார். எழுதினவங்க இல்லைன்னா எழுத்தும் இல்லை.”

மாஸ்டர் சொன்ன இரண்டில் ஒன்றுதான் நடக்கும் என்று புரிந்தது. அவ்வளவு தூரம் வந்த களைப்பில், யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

“அப்ப என் பேரைப் போட்டுக்குங்க, மிஸ். எனக்கு மனுவும் இல்ல, அப்பீலும் இல்ல. எங்கிட்டேயிருந்து எடுத்துக்க ஒண்ணும் இல்ல.”

அவர் சிரிக்கவில்லை. “திரும்பிப் போறது இருக்கே,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “போடலாம். ஆனா பேர் போடறதுன்னா சும்மா இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நீங்க பதில் சொல்லணும். நான் கேட்பேன். பதில் சொல்ல முடியாததை அடிச்சிடுவேன்.”

“எனக்கு இங்கிலீஷ் லாரி சாமான் பேரு வரைக்கும்தான் தெரியும்.”

“நான் தமிழ்ல சொல்றேன். நாளைக்குக் காலைல வாங்க.”

படுக்கை அச்சுக்கூடத்தில் கிடைத்தது. பத்திரிகை அச்சாவது ஜீவனஹள்ளியில், ஒரு கொட்டகையில். ஃபோர்மேன் தர்மலிங்கம் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், மெலிந்த ஆள், விரல் நுனியெல்லாம் மை. எழுத்துக் கோப்பதும் அவர்தான், மிஷின் மிதிப்பதும் அவர்தான். காகிதக் கட்டுகளின் மேல் சாக்கு விரித்துக் கொடுத்தார். துறைமுகத்தில் மூட்டைமேல் தூங்கியவனுக்கு அது மெத்தை. கொசுதான் பெரிதாக இருந்தது.

“டீச்சரம்மா இஸ்யூ மொத்தமும் அடிச்சாச்சு,” என்று கவலையோடு சொன்னார். “கடேசிப் பாரம் ஒண்ணு, கொஞ்சம் பக்கம்தான், பாக்கி. அத்த உன் கட்டுரைக்கு ஒதுக்கச் சொல்லி இப்பத்தான் சீட்டு அனுப்பிருக்காங்க. திங்கக்கெழமைக்குள்ள முடிஞ்சாகணும் நைனா. இங்கிலீஷ் எழுத்து எங்கிட்ட ஒரு செட்டுதான். அத்தப் பிரிச்சி மாதா திருநாள் மலருக்குக் கோக்கணும். மாதாவ வெயிட் பண்ணச் சொல்ல முடியுமா?”

மறுநாள் காலையில் ஆரம்பித்தோம். அவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை முணுமுணுப்பார், தமிழில் சொல்வார், பென்சிலைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். பரீட்சை எழுதாமல் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்தப் பரீட்சையை இப்போது எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

“‘நூறு ஆண்டுகளுக்கு மேலாக இம்மக்கள் அந்த மலைகளில் உழைத்துவருகிறார்கள்.’ பதில் சொல்வீங்களா?”

“சொல்வேன். எங்க அப்பா முதுகை நான் பார்த்திருக்கேன்.”

“உங்க அப்பா நூறு வருஷமா வேலை பார்த்தார்?”

“தாத்தா வந்ததும் தெரியும். அதுக்கு முன்ன தெரியாது.”

“அப்ப மூணு தலைமுறை,” என்று மாற்றி எழுதினார்.

எண்கள் வந்த இடத்தில் நான் கையை விரித்தேன். அதற்கு அவர், “இது சர்க்கார் கணக்கு. எங்கேயிருந்து எடுத்ததுன்னு அடிக்குறிப்புல போடுவேன். அது என் பாடு,” என்று என்னை விட்டுவிட்டார். ஒரு வாக்கியத்தை யார் தாங்குவது என்று அவர் பிரித்த விதம், மூட்டை தூக்குகிறவர்கள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதுபோல இருந்தது.

புருஷனுக்கு ஒரு நாடும் பெண்டாட்டிக்கு இன்னொரு நாடும் என்று தாள் வந்த குடும்பங்கள் உண்டு என்று மாஸ்டர் எழுதியிருந்தார். “அது எங்க லயத்து வரிசை வீட்டுலயே நடந்தது, மிஸ். பக்கத்துக் காம்பரா. ரெண்டு பேரும் தாளைத் தூக்கிக்கிட்டு எங்கிட்டத்தான் வந்தாங்க.”

“நீங்க வாசிச்சீங்களா?”

“இங்கிலீஷ்ல இருந்தது. மாஸ்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன்.”

“அப்ப வாசிச்சது மாஸ்டர்.”

“வாசிச்சது அவரு. அந்தப் பொம்பளை அழுதது என் முன்னாலதான்.”

பென்சிலைக் கீழே வைத்தார். “இது இருக்கட்டும்,” என்றார்.

மத்தியானம் சோறும் பன்றிக்கறியும் கொடுத்தார். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்தபோதுதான் கட்டுரையின் நடுவில் இருந்த அந்த இடத்துக்கு வந்தோம். அதை அவர் இரண்டு தடவை தமிழில் சொன்னார்.

“‘மலைநாட்டு மக்களுக்கு இந்தியா ஓர் அந்நிய நாடு. அவர்களில் ஒருவர்கூட அங்கே போக விரும்பவில்லை.’”

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு டிரங்குப் பெட்டி.

எங்கள் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் பழனிச்சாமி என்று ஒரு பெரியவர் இருக்கிறார். டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்து ரொம்ப காலமாகிறது. துறையூர்ப் பக்கம் ஏதோ ஒரு ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் போக விரும்புகிறவர். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் அந்நிய நாடு என்ற சொல். அந்த நாட்டில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். வயிற்றில் அவர்கள் போட்ட சோறு இருந்தது. முந்தின நாள் ஒரு அம்மாள் கேட்காமலே சாறு ஊற்றியிருந்தாள்.

“இந்த வாக்கியம்தான் கட்டுரைக்கே முதுகெலும்பு,” என்றார் மிஸ். “மாஸ்டர் மத்த எல்லாத்தையும் இதுக்காகத்தான் சொல்லியிருக்கார். அடிச்சா கட்டுரை சிறுத்துப்போகும். டில்லியில யாராவது, பார்த்தீங்களா, போறதுக்கும் ஆள் இருக்குன்னு எடுத்துக்கலாம். வெச்சா உங்க பேர்ல இருக்கும். நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

“மாஸ்டர்கிட்டக் கேக்க முடியாதே, மிஸ்.”

“முடியாது. தந்தி அடிச்சா அவரைக் காட்டிக்கொடுத்த மாதிரி.”

நாளைக்கு ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் ஞாயிறு. மிஸ் சர்ச்சுக்குப் போய்விட்டார். தர்மலிங்கம் என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். ஜீவனஹள்ளியில் இரண்டு அறை, வாசலில் குழாயடி, குழாயடியில் சண்டை. தமிழில் ஆரம்பித்த வசவு கன்னடத்துக்குத் தாவி, உருதுவில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, திரும்பத் தமிழிலேயே முடிந்தது. எங்கள் ஊரில் சிங்களத்தில் ஏசிவிட்டுத் தமிழில் சமாதானம் ஆகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

அவர் சம்சாரம் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். “கடலு ஊர்லேர்ந்து வந்தவருக்குக் கருவாடு போடறேன். தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா,” என்றார்.

“நாங்க மலையில இருக்கறவங்க தங்கச்சி. எங்களுக்கும் மீன் கருவாடாத்தான் வரும்,” என்றேன். அதற்குப் பிறகு அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

சுவரில் புத்தர் படம் மாட்டி, முன்னால் ஒரு சின்ன விளக்கு. நான் அதைப் பார்ப்பதை தர்மலிங்கம் பார்த்தார்.

“எங்க தாத்தா காலத்துலியே பௌத்தம் ஆயிட்டோம். சாதியும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு. ஏன் நைனா, உங்க ஊர்ல எங்க பார்த்தாலும் புத்தர் கோயிலாமே? எல்லாரும் அங்கதான் போவாங்களாமே? நல்லாத்தான இருக்கணும்?”

அவர் கேட்டது ஆசையாக. “ஒரு கலவரத்துல எனக்கு மண்டை உடைஞ்சுது. கட்டுப் போட்டுத் தன் வீட்டுல மறைச்சு வெச்சது ஒரு சிங்கள அம்மா. விடிஞ்சதும் விகாரைக்குப் பூக் கொண்டுபோறவங்க. உடைச்சவனும் அதே விகாரைக்குப் போறவனா இருக்கலாம். எனக்குத் தெரியாது,” என்றேன்.

அவர் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு, “இங்கயும் அப்பிடித்தான்னு வெச்சிக்கோ,” என்றார்.

“அண்ணே, உங்க ஊரு எது?”

“இதான். ஜீவனஹள்ளி. வேற இன்னா?”

“தாத்தா ஊரு?”

“ஏதோ ஆற்காட்டுப் பக்கம். பஞ்சத்துல கெளம்பி, கோலார்ல தங்கச் சொரங்கத்துல வேல பார்த்துட்டு, அப்பறம் இங்க தண்டுல, கன்டோன்மென்ட்ல, வந்து குந்திட்டாரு. ஊரு பேரு எங்கப்பாவுக்குத் தெரியும். நான் மறந்துட்டேன். அது இன்னாத்துக்கு இப்போ?”

“யாராச்சும் தாள் கேட்டாங்களா?”

“இன்னா தாளு?”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எங்கள் தாத்தாவும் ஒரு பஞ்சத்தில்தான் கிளம்பியவர். இவருடைய தாத்தாவுக்கு வழியில் சுரங்கம் வந்தது, என் தாத்தாவுக்குக் கடல் வந்தது. பேரன்கள் இருவரும் ஒரே தட்டுக் கருவாட்டை ருசித்துச் சாப்பிட்டோம். அவரால் ஊரை மறக்க முடிந்தது. மறந்தாலும் அவருக்கு ஒன்றும் குறையவில்லை. எனக்கு அந்த வசதி இல்லை. அன்று சாயங்காலம் தெருத் தெருவாக நடந்தேன். இந்த ஊரிலேயே ஒரு அச்சுக்கூடத்தில் காகிதம் தூக்கிக்கொண்டு இருந்துவிட முடியும். என்னை யாரும் கவனிக்கப் போவதில்லை. பாஷை இருக்கிறது, குளிர் இருக்கிறது. இப்படி எத்தனையோ ஊர்களில் நினைத்து, தங்கி, பிறகு கிளம்பியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் மிஸ் கதவைத் திறந்ததும் சொன்னேன்.

“அந்த ரெண்டு வாக்கியத்தையும் அடிச்சிடுங்க, மிஸ். நான் பதில் சொல்ல முடியாது. பழனிச்சாமிப் பெரியவர் போகணும்னு இருக்காரு. அவரை இல்லேன்னு நான் எழுத முடியாது.”

“அந்த இடத்துல என்ன இருக்கும்?”

“போகணும்கறவங்களும் இருக்காங்க, இருக்கணும்கறவங்களும் இருக்காங்க. யார் யார்னு அரசாங்கத்துக்குத் தெரியாது. மாஸ்டருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒவ்வொரு ஆளையும் கேட்டாத்தான் தெரியும். இதுவரைக்கும் எங்களை யாரும் கேட்டதில்ல.”

“இதுக்கு நீங்க பதில் சொல்வீங்களா?”

“என்னை யாரும் கேட்டதில்ல. அதுக்கு நான் பதில் சொல்வேன்.”

அவர் ஆங்கிலத்தில் எழுதினார். ஒருமுறை அடித்து மறுபடி எழுதினார். எழுதியதை எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார். நான் சொன்னதுதான் அது. கூட ஒரு சொல்லும் இல்லை. கட்டுரையில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாக மிஞ்சியது. மாஸ்டர் இதைப் பார்த்தால் கோபப்படுவார் என்று தெரியும். அவர் முதுகெலும்பை நான் எடுத்துவிட்டேன். அதன் இடத்தில் வைத்தது தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

தாள்களை எடுத்துக்கொண்டு இருவரும் குதிரை வண்டியில் ஜீவனஹள்ளி போனோம். பாதி வழியில் குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரர் கெஞ்சினார், முத்தம் கொடுத்தார், கடைசியில் மிஸ் இறங்கி நடக்க ஆரம்பித்ததும் குதிரையும் அவர் பின்னாலேயே நடந்து வந்தது. தர்மலிங்கம் வாசலில் நின்று அந்த ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அவர் எழுத்துக் கோத்த வேகத்தை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு மிஸ் ப்ரூப் பார்த்தார். எல்லாம் முடிந்து, கடைசிப் பக்கம் பாக்கி. எழுதினவர்கள் யார், எந்த ஊர், என்ன உத்தியோகம் என்று ஆளுக்கு ஒரு குறிப்பு போடும் பக்கம் அது. ஒருவர் யுனிவர்சிட்டியில் ரீடர். ஒருவர் பர்மாவில் தூதராக இருந்தவர். ஒருவர் ரிட்டயரான ஜட்ஜ். மிஸ் எனக்காக ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். அவற்றுக்குக் கீழே என் பெயர் கோத்து நின்றது: பெ. மாரிமுத்து. அதற்குப் பிறகு வெறுமை.

“உங்களைப் பத்தி ஒரு வரி வேணும்,” என்றார் மிஸ்.

“லாரிக் கிளீனர்னு போடுங்க.”

“இப்ப கிளீனரா?”

“இல்ல.”

“அப்ப அதுக்கு நீங்க பதில் சொல்ல முடியாது.”

“ஆராய்ச்சியாளர்னு போட்டுடலாமே டீச்சரம்மா,” என்றார் தர்மலிங்கம். “கெத்தா இருக்கும். யாரு வந்து கேக்கப் போறான்?”

“நான் கேப்பேன் அண்ணே,” என்றேன். அடுத்தவர் வாக்கியத்தையெல்லாம் அடித்துவிட்டு எனக்கு மட்டும் பொய்யாக ஒன்றை வைத்துக்கொள்ள முடியாது.

“சும்மா வுட்டா அசிங்கமா இருக்கும் நைனா. எல்லாருக்கும் ரெண்டு வரி, உனக்கு மட்டும் பல்லு வுழுந்த மாதிரி ஓட்டை. பேகா, சீக்கிரம் சொல்லு. மாதா காத்துக்கினு இருக்காங்க.”

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிறந்த இடம் தெரியும். அதைப் போடறேன். இந்தியாவுலேர்ந்து எங்க போறீங்க?”

கேட்டது அவ்வளவுதான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று வைத்திருப்பேன், கால் போன இடத்துக்கு என்று. அதைச் சொல்ல வாயெடுத்தபோது மாஸ்டர் முகம் வந்தது, லயத்துக் காம்பரா வாசலில் கிடக்கும் கொழுந்துக் கூடைகள் வந்தன, குளிரில் புகைவிட்டுக்கொண்டு வரும் முதல் பஸ் வந்தது. எத்தனை இடத்துக்குப் போனாலும் ஒவ்வொரு தடவையும் அங்கே திரும்பிப் போயிருக்கிறேன். போவதை மட்டும் கணக்கில் வைத்து என்னை நாடோடி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“ஊருக்கு,” என்றேன். “விட்டாங்கன்னா.”

“அதைப் போடட்டுமா? அச்சுல வரும். திரும்பிப் போறப்போ யாராவது இதைப் படிச்சுட்டு உங்க தாளை வாங்கிப் பார்க்கலாம்.”

“போடுங்க.”

அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தார். தர்மலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டே எழுத்துகளைப் பொறுக்கினார். மிஸ் எனக்குத் தமிழில் சொன்னார்: ‘இலங்கையில் கல்லுமலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே திரும்பிப் போய் வாழ விரும்புகிறார்.’

“ரெண்டு வரி கரீட்டா வந்திருச்சி,” என்று தர்மலிங்கம் சட்டத்தில் வைத்து ஆப்பு அடித்து முடுக்கினார். இரண்டு மணிக்கெல்லாம் பாரம் மிஷின் ஏறிவிட்டது. ஈரம் காயாத ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். அதை எடுத்துப் போக முடியாது என்று எனக்குத் தெரியும். படிக்கவும் தெரியாது. ஆனாலும் என் பெயர் இருந்த இடத்தைக் காட்டச் சொல்லி, நன்றாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஊர் திரும்ப லாரி கிடைத்தபோது அதில் ஏற்றியிருந்தது வெற்று மூங்கில் கூடைகள். ஹெப்பகோடியில் நிறுத்துங்கள் என்று நானே கேட்டேன். அந்த அம்மாள் அதே பந்தலில், அதே உருண்டையோடு இருந்தாள். இந்தத் தடவை நான் மெல்லாமல் விழுங்கினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

“வந்த வேல ஆச்சா?” என்றாள்.

“ஆச்சும்மா.”

“அன்னிக்குக் கேட்டேன், நீ சொல்லவே இல்ல. எந்த ஊரு?”

“கல்லுமலை.”

“அது எங்க இருக்கு?”

“தூரம்.”

“தூரம்னா என்ன, ஊருதானே,” என்று சொல்லி இலையில் இன்னொரு உருண்டை வைத்தாள்.